மணப்பெண்ணின் வேகம் 130.6

அத்தியாயம் 4

காணாமல் போன மணப்பெண்ணைத் தேடிக் கொல்லிமலை ஏறிக்கொண்டிருந்த ஜீப்பில் நான்கு பேர் இருந்தார்கள். நால்வரில் ஒருவர் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். அது யார் என்று சபரீஷுக்கு அப்போது தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம், காலையில் அடிவாரத்தில் ஆசைப்பட்டுத் தின்ற பூரிமசால் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் மேலே எட்டிப் பார்க்கிறது என்பதுதான்.

“மேடம், இந்த ரோட்டைப் போட்டவன் ஜிலேபிக்கடை வெச்சிருந்தவனா இருக்கோணும்,” என்றான்.

வித்யாஸ்ரீ சிரிக்கவில்லை. வேலை நேரத்தில் அவள் சிரிப்பதில்லை. நாமக்கல்லில் ஒரு பல் ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக, செத்துப்போனதாகச் சான்றிதழ் கொடுத்த ஆட்களைத் தேடிப் பிடித்து அவர்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சபரீஷ் அவளுடைய உதவியாளன். ராசிபுரம் வட்டாரத்துக் கல்யாண மண்டபங்களில் டி.ஜே. போட்டுக்கொண்டிருந்தவன். ஒரு வரவேற்பில் அவன் ஸ்பீக்கரைத் திறந்த திறப்பில் மண்டபத்துச் சீலிங் பலகை பெயர்ந்து, பெண்ணின் தாய்மாமன் இலையில் விழுந்தது. பாயசத்துக்கு நேரே விழுந்தது என்றும் சொல்வார்கள். அதோடு அந்தத் தொழில் முடிந்தது.

முன் சீட்டில் தோளில் துண்டோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தவர் வெள்ளியங்கிரி. பேளுக்குறிச்சியில் மஞ்சளும் மரவள்ளியும் போடுகிற சொந்த நிலக்காரர். காணாமல் போனது அவருடைய ஒரே மகள் கௌசிகா. ஜீப்பை ஓட்டியது சசிதரன். மலைமேல் செம்மேட்டில் கால்நடை மருத்துவர். நாளை மறுநாள் கௌசிகா கழுத்தில் தாலி கட்டவேண்டிய மாப்பிள்ளை. பெண்ணைத் தேடக் கிளம்புகிறோம் என்றதும், மலை ரோடு எனக்குத்தான் தெரியும், நானே ஓட்டுகிறேன் என்று வந்து நின்றவன். வழி நெடுக ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஓடிப்போன பெண்ணைப் பற்றி இவ்வளவு பொறுமையாக ஒரு மாப்பிள்ளை இருப்பானா என்று சபரீஷுக்கே மனம் இளகிப்போயிருந்தது.

கௌசிகாவுக்குப் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சனி ஞாயிறுகளில் அவள் டெக்னோ டி.ஜே. பாட்டே இல்லாமல், அடி மட்டும் திம் திம் என்று மணிக்கணக்கில் போகுமே, அந்த இசை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் வந்து இறங்கத் தொடங்கிய அன்று செம்மேடு பஸ்ஸில் ஏறினவள்தான். அப்பாவுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் மட்டும் வந்தது. பத்திரமாக இருக்கிறேன், முகூர்த்தத்துக்கு வந்துவிடுவேன், தேட வேண்டாம் என்று. பிறகு போன் அணைந்துவிட்டது. தேட வேண்டாம் என்று மகள் சொன்னால் எந்தத் தகப்பன் தேடாமல் இருப்பார்? அவர் நேராக நாமக்கல் வந்து, பல் ஆஸ்பத்திரிக்குள் தவறி நுழைந்து, வாயைத் திறக்கச் சொன்னதும் கோபித்துக்கொண்டு மேல்மாடி ஏறினார்.

தடயம் என்று இருந்தது ஒன்றே ஒன்று. தினமும் மத்தியானத்துக்கு மேல் கௌசிகா இணையத்தில் நேரலையில் வந்து இசை போட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெரியாது. இரண்டு கை, ஒரு மெஷின், பின்னால் ஒரு வெறும் சுவர். வெள்ளியங்கிரி அதைக் காட்டி, கையைக் கட்டிப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொன்னார்.

“கட்டிப்போட்ட கை இத்தனை குமிழ் திருகாதுங்க ஐயா,” என்றான் சபரீஷ்.

முந்தின நாள் சாயங்காலம் ஆபீசில் உட்கார்ந்து அந்த நேரலைகளை அவன் ஒவ்வொன்றாகக் கேட்டான். கேட்கக் கேட்க நிமிர்ந்து உட்கார்ந்தான். சீலிங் பலகை விழுந்த நாளிலிருந்து தூங்கிக் கிடந்த ஏதோ ஒன்று அவனுக்குள் எழுந்து சோம்பல் முறித்தது.

டெக்னோவில் வேகம்தான் முதல் சமாச்சாரம் என்று அவன் வித்யாஸ்ரீக்கு விளக்கினான். நிமிஷத்துக்கு எத்தனை அடி என்று ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு கணக்கு உண்டு. ஓடுகிற பாட்டோடு அடுத்த பாட்டைக் கலக்கும்போது இரண்டின் அடியும் ஒன்றாக விழவேண்டும். இல்லாவிட்டால் நொண்டிக் குதிரை போகிற மாதிரி இருக்கும். இரண்டாவது சமாச்சாரம் சுதி. எல்லாச் சுதிகளையும் கடிகாரம் மாதிரி பன்னிரண்டு வீடாகப் பிரித்து நம்பர் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆறாம் வீட்டுப் பாட்டு ஓடினால் பக்கத்து வீடான ஐந்தோ ஏழோ வரலாம், ஒட்டிக்கொள்ளும். எதிர் வீடான பன்னிரண்டைக் கொண்டுவந்து விட்டால் கல்யாணப் பந்தியில் சண்டை வந்த மாதிரி ஆகிவிடும்.

“இந்தப் பொண்ணு போடுற பாட்டெல்லாம் ஆறாம் வீடு, 128 வேகத்துல செஞ்சதுங்க மேடம். ஆனா தெனமும் 130.6-ல ஓட்டுது. 130 வெக்கலாம், 132 வெக்கலாம். 130.6 யாராச்சும் வெப்பாங்களா? அதுவும், வேகம் ஏறுனாலும் சுதி ஏறாம இருக்க மெஷின்ல ஒரு பட்டன் இருக்குது. அதை வேணும்னே நிறுத்தி வெச்சிருக்குது.”

“ஏன்?” என்றாள் வித்யாஸ்ரீ.

அந்த ஏனுக்கு விடை சபரீஷிடம் இருந்தது. அவன் ஒரு முறை ட்ரான்ஸ்பார்மரை ஒட்டிய மண்டபம் ஒன்றில் டி.ஜே. போட்டிருக்கிறான். ட்ரான்ஸ்பார்மர் ம்ம்ம் என்று ஒரே சுதியில் முனகும். ஊருக்கு ஊர் கரண்ட் ஒன்று என்பதால் அந்த முனகலும் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆறாம் வீட்டுப் பாட்டின் அடிநாதத்துக்கு அது ஒரு மயிரிழை மேலே நிற்கும். இரண்டும் மோதிக்கொண்டு ஊவ் ஊவ் என்று காதுக்குள் ஊசலாடும். அன்றைக்கு அவன் வேகத்தை 128-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினான். வேகத்தோடு சுதியும் ஏறி, 130.6-க்கு வந்ததும் ஊசலாட்டம் அடங்கி இரண்டும் ஒன்றாகப் படுத்துவிட்டது.

“அந்தப் பொண்ணு ட்ரான்ஸ்பார்மருக்குப் பக்கத்துல உக்காந்திருக்குதுங்க மேடம். வெளிச் சத்தம் நேரலைல வராது. ஆனா அது காதுல விழுந்துட்டே இருக்குது. அதுக்குத் தக்கன எல்லாத்தையும் தூக்கி வெச்சிருக்குது. இன்னொண்ணு. இன்னைக்கு நடுவுல டெம்போ மாறிடுச்சு.”

அதுவரை சுவரோரம் சும்மா உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி எழுந்துவிட்டார்.

“எந்த டெம்போ? வண்டி நம்பர் பாத்தீங்களா?”

பாட்டின் வேகத்துக்குத்தான் டெம்போ என்று பேர் என்று அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அதற்குள் வித்யாஸ்ரீ தன் கணக்கை முடித்துவிட்டாள். அன்றைய நேரலையின் நடுவில் 130.6 மெதுவாக இறங்கி 128-ல் நின்று, பிறகு மறுபடியும் ஏறியிருக்கிறது. முனகல் நின்றால்தான் சுதியைத் தூக்கவேண்டிய அவசியம் இல்லை. கரண்ட் போனால்தான் முனகல் நிற்கும்; மெஷின் பேட்டரியில் ஓடியிருக்கும். ஆக, அன்று மத்தியானம் கொல்லிமலையில் எங்கே கரண்ட் போனதோ, அங்கே ஒரு ட்ரான்ஸ்பார்மரை ஒட்டிய வீட்டில் பெண் இருக்கிறாள்.

கரண்ட் போன இடத்தைக் கண்டுபிடிக்க டீக்கடைதான் தோது. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் ஜீப்பை நிறுத்தி, மாணிக்கம் என்பவரின் கடையில் டீ சொன்னார்கள். கேட்பதற்கு முன்னாலேயே மாணிக்கம் சொல்லத் தொடங்கிவிட்டார். மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக் மரத்தின் கிளை முறிந்து கம்பியில் விழுந்து, திருப்புலி நாடு என்கிற மலையூர்ப் பக்கம் நேற்று மத்தியானம் கரண்டே இல்லையாம். செம்மேட்டில் இருந்ததாம்.

“செம்மேட்டுலயும் போச்சுங்களே,” என்று சசிதரன் குறுக்கே சொன்னான். அவனுடைய மருந்தகத்து ஃப்ரிட்ஜ் நின்று, கோழிகளுக்குப் போடும் தடுப்பூசி மருந்தையெல்லாம் ஐஸ் பெட்டிக்கு மாற்ற வேண்டியிருந்ததாம்.

மாணிக்கம் தன் கடையில் மிக்சி ஓடியதை யோசனையோடு சொன்னார். அது வேறு லைன் என்றான் சசிதரன். மருத்துவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வெள்ளியங்கிரியும் தலையாட்டினார். திருப்புலி நாட்டு ரோடு வெட்டிப் போட்டுக் கிடக்கிறது, பக்கத்தில் இருக்கிறதை முதலில் பார்த்துவிடலாம் என்று சசிதரன் ஜீப்பை எதிர்ப்பக்கம் திருப்பினான்.

முதல் ட்ரான்ஸ்பார்மரை ஒட்டி நிஜமாகவே ஒரு வீடு இருந்தது. வாசலில் பாப்பாயி என்கிற அம்மாள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். உள்ளே யாராவது பெண் தங்கியிருக்கிறாளா என்று வித்யாஸ்ரீ பக்குவமாகக் கேட்டாள். இருக்கிறாள், இரண்டு நாளாக உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறாள் என்றார் அந்த அம்மாள். வெள்ளியங்கிரி செருப்பைக் கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினார். கட்டிலில் ஒரு வெள்ளாடு போர்வை போர்த்திப் படுத்திருந்தது. சசிதரன் அதற்கு ஊசி போட்டுவிட்டு வந்தான். அதில் அரைமணி நேரம் போயிற்று.

இரண்டாவது ட்ரான்ஸ்பார்மரைச் சுற்றி வீடே இல்லை. பலாமரங்கள்தான் இருந்தன.

“பலாமரத்துமேல உக்காந்து டி.ஜே. போடுதோ என்னமோ,” என்றான் சபரீஷ். யாரும் கண்டுகொள்ளவில்லை. வித்யாஸ்ரீ மட்டும் சசிதரனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும், வானத்தைப் பார்ப்பதும், மறுபடி கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தான்.

“டாக்டருக்குப் பாட்டுல இஷ்டம் உண்டுங்களா?” என்று சாதாரணமாகக் கேட்டாள்.

“எனக்கெங்கீங்க. மாடு கத்துறதுதான் நமக்குப் பாட்டு,” என்றான் அவன்.

ஜீப் கிளம்பியதும் அவள் சபரீஷின் பக்கம் சாய்ந்து, போனில் டி.ஜே. போடுகிற ஆப் இருக்கிறதா என்று காதோடு கேட்டாள். அது இல்லாமல் அவன் தூங்கவே மாட்டான். வண்டி ஸ்பீக்கரில் அதை இணைத்து, முதலில் நன்றாகக் கலந்து போடச் சொன்னாள். அவன் ஆறாம் வீட்டிலிருந்து ஏழாம் வீட்டுக்கு, அடி மேல் அடி விழ, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி கொண்டுபோனான். ஜீப் சுகமாகப் போயிற்று. வெள்ளியங்கிரி கண்ணயர்ந்தார். சசிதரனின் பெருவிரல் ஸ்டியரிங்கில் மெதுவாகத் தட்டியது.

“இப்ப மோசமாப் போடு,” என்று கிசுகிசுத்தாள் வித்யாஸ்ரீ.

தன் காதில் சரியாக விழவில்லையோ என்று அவன் அவளைப் பார்த்தான். விழுந்திருந்தது. எவ்வளவு மோசமாக முடியுமோ அவ்வளவு மோசமாகப் போடச் சொன்னாள். சபரீஷுக்கு நெஞ்சு வலித்தது. சீலிங் விழுந்த அன்றுகூட அவனுடைய அடி பிசகியதில்லை. தாய்மாமன் இலையில் பலகை விழுந்ததுகூடச் சரியாக ஒரு அடி விழும்போதுதான். ஆனால் மேடம் சொன்னால் சொன்னதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த பாட்டின் மேல் எதிர் வீட்டுப் பாட்டு ஒன்றைத் தூக்கிப் போட்டு, அதன் வேகத்தையும் ஒரு சிட்டிகை தள்ளிவிட்டான்.

அதைச் சத்தம் என்றுதான் சொல்லவேண்டும். தகரக் கொட்டகைமேல் எருமை மந்தை ஏறினால் வருகிற சத்தம். வெள்ளியங்கிரி திடுக்கிட்டு விழித்தார். யாரையோ அடிக்கப் போகிறவர் போலக் கையைத் தூக்கி, எங்கிருந்து வருகிறது என்று புரிந்ததும், “அதை அமத்துப்பா,” என்றார்.

சசிதரன் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது. தாடை இறுகியது. ஒரு வளைவை எடுத்தான். இரண்டாவது வளைவையும் எடுத்தான். மூன்றாவது வளைவில் அவனால் முடியவில்லை.

“அந்த ரெண்டாவதைக் கொஞ்சம் பின்னாடி இழுங்களேன். இல்லீன்னா எடுத்துப்போட்டு ஏழாம் வீட்டையாவது வைங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. வித்யாஸ்ரீ கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினாள். ஜீப்புக்குள் திடீரென்று மலைக்காற்றின் சத்தம் கேட்டது.

“டாக்டர், ஐயாவுக்குக் கேட்டது ஒரே இரைச்சல். அமத்துன்னு சொன்னாரு. உங்களுக்கு மட்டும் அதுக்குள்ள ரெண்டாவதுன்னு ஒண்ணு தனியாக் கேட்டிருக்குது. ஏழாம் வீடு பக்கத்து வீடுங்கறதும் தெரிஞ்சிருக்குது. எந்த மாடு இதையெல்லாம் சொல்லிக் குடுத்துச்சுங்க?”

சசிதரன் ஜீப்பை ஓரம் கட்டினான். முகத்தில் ரத்தமே இல்லை. சபரீஷுக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதைவிட, தான் மோசமாகப் போட்டது வீணாகவில்லை என்கிற ஒரு நிம்மதியும் இருந்தது.

பிறகு எல்லாம் கொட்டியது. நிச்சயமான நாளிலிருந்து கௌசிகாவும் அவனும் போனில் பேசியதெல்லாம் இந்தச் சுதி, வேகம் பற்றித்தானாம். அவள் போட்டு அனுப்புவாள், அவன் கேட்டு எங்கே பிசகுகிறது என்று சொல்வான். அப்படியே காது பழகிவிட்டது. ஜெர்மனியில் ஏதோ ஒரு டெக்னோ விழாவில் புது ஆள் ஒருவருக்கு இடம் கொடுக்கிறார்கள். போட்டியில் இருப்பவர்கள் ஒரு வாரம் தினமும் நேரலையில் இசை போடவேண்டும். அந்த வாரம் கல்யாண வாரமாக அமைந்துவிட்டது. வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் யாராவது ஒரு அத்தை பூ கட்டிக்கொண்டிருந்தாள். கௌசிகா அப்பாவிடம் கேட்டாள். கல்யாணப் பெண் காதில் ஹெட்போன் என்கிற அந்த மாட்டு மூக்கணாங்கயிற்றை மாட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் சசிதரன்தான் தன் சிநேகிதன் ஜான்பீட்டரின் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்தான். ஜான்பீட்டர் வேளாண்மைத் துறைக்காரர், லீவில் ஊருக்குப் போயிருக்கிறார். திருப்புலி நாட்டில் இருக்கிறது குவார்ட்டர்ஸ். சுவருக்கு அந்தப் பக்கம் ட்ரான்ஸ்பார்மர். இன்றைக்குத்தான் கடைசி நாள். இன்று முடிந்ததும் தானே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தான். அதுவரை தேடுகிறவர்களை மலையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கலாம் என்று நினைத்தான்.

எல்லோரும் வெள்ளியங்கிரியைப் பார்த்தார்கள். அவர் துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டார்.

“என்ற புள்ளையை ஒளிச்சு வெச்சுப்போட்டு, என்னையே பக்கத்துல உக்கார வெச்சுத் தேடுனீங்க மாப்பிள்ளை.”

சசிதரன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டான். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவள் முடித்துவிடுவாள், அதுவரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள் மாமா என்று கெஞ்சினான். அவர் வண்டியை எடுக்கச் சொன்னார். ஜீப் திருப்புலி நாட்டுப் பக்கம் திரும்பியது. ரோடு வெட்டிப் போட்டெல்லாம் கிடக்கவில்லை, நன்றாகவே இருந்தது. கல்யாணம் நின்றுவிடும் என்று சபரீஷுக்கு நிச்சயமாகத் தோன்றியது. கண்டுபிடித்துக் கொடுத்தது தன் காது. கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று முதல் தடவையாக நினைத்தான்.

குவார்ட்டர்ஸ் ஒரு சின்ன ஓட்டு வீடு. பின்னால் மின்கம்பங்களுக்கு நடுவே ட்ரான்ஸ்பார்மர் ம்ம்ம் என்று முனகிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து அடி கேட்டது. சபரீஷ் வாசலில் நின்றுவிட்டான். போனில் கேட்டது வேறு, இது வேறு. ட்ரான்ஸ்பார்மரின் முனகல் பாட்டுக்கு வெளியே இல்லை. பாட்டுக்கு அடியில், அஸ்திவாரம் மாதிரி, சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. அதன்மேல் அவள் ஒரு பாட்டை இறக்கி இன்னொன்றை ஏற்றினாள். எது எங்கே முடிந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. வாழ்க்கையில் அவன் அப்படி ஒன்றைச் செய்ததில்லை, இனிமேல் செய்யப்போவதும் இல்லை. அதில் அவனுக்கு வருத்தம் வரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

வெள்ளியங்கிரி அதற்கெல்லாம் நிற்கவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். கௌசிகா திரும்பிப் பார்த்தாள். முகம் வெளுத்தது. ஆனால் கை மெஷினை விட்டு வரவில்லை. வரமுடியாது, ஒரு பாட்டு பாதி ஏறியிருந்தது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அவள் பின்னால், உலகம் முழுக்கத் தெரிகிற அந்த வெறும் சுவருக்கு முன்னால், வேட்டியும் துண்டுமாக வெள்ளியங்கிரி வந்து நின்று திட்டத் தொடங்கினார்.

சாதாரணத் திட்டா அது? அவள் பஸ் ஏறின நாளிலிருந்து சேர்த்து வைத்தது. சமையல்காரர் வந்துவிட்டதைச் சொன்னார், பந்தல் போட்டதைச் சொன்னார், அம்மா சாப்பிடாமல் கிடப்பதைச் சொன்னார். “ஊடு நெறைய ஆளு,” என்றார். “ஊடு நெறைய ஆளு, கண்ணு. வர்றவிங்களுக்கெல்லாம் நான் என்ன பதில் சொல்றது?” கடைசி நாள் என்று பார்வையாளர்களோடு பேசுவதற்காக அன்றைக்கு மட்டும் மேசைமேல் வைத்திருந்த மைக் திறந்தே இருந்தது. அவர் குரல் அப்படியே நேரலையில் போய்க்கொண்டிருந்தது.

மைக்கை அணைக்கத்தான் கௌசிகாவின் விரல் போயிற்று. பாதி வழியில் நின்றது. சபரீஷ் அதைக் கண்ணால் பார்த்தான். அந்த விரல் பக்கத்துப் பட்டனுக்கு நகர்ந்தது.

‘ஊடு நெறைய ஆளு’ என்று ஸ்பீக்கர் சொன்னது. வெள்ளியங்கிரி நிறுத்தினார். ஸ்பீக்கர் நிறுத்தவில்லை. ‘ஊடு நெறைய ஆளு, ஊடு நெறைய ஆளு’ என்று அடிக்கு அடி சரியாக விழுந்தது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாள், 130.6-ல் பொருந்தியது. சுதியை மாற்ற வேண்டிய வேலையே அவளுக்கு இல்லை. அவருடைய கோபமும் ட்ரான்ஸ்பார்மரும் ஒரே சுதியில் இருந்தன.

“ஆறாம் வீடு,” என்று சசிதரனும் சபரீஷும் ஒரே நேரத்தில் முணுமுணுத்தார்கள்.

வெள்ளியங்கிரி வாயைத் திறந்தபடி தன் குரலையே கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு, இன்னும் சொல்ல வேண்டியது பாக்கி இருந்ததாலோ என்னவோ, “மஞ்சள் வேற வெட்டாமக் கெடக்குது,” என்றார், கொஞ்சம் தணிந்த குரலில். அதையும் அவள் எடுத்துக்கொண்டாள். அவருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அடுத்ததை அடி பார்த்துச் சொன்னார். வித்யாஸ்ரீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. வேலை நேரத்தில் அவள் சிரித்ததை சபரீஷ் பார்த்தது அன்றைக்குத்தான்.

கடைசிப் பாட்டு இறங்கி அடங்கியது. கௌசிகா நேரலையை அணைத்துவிட்டுத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பில் பார்ப்பவர்களின் செய்திகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. ஒன்று வந்ததும் அவள் நிமிர்ந்து, இரண்டு தரம் படித்து, சசிதரனைப் பார்த்தாள். அவன் குனிந்து படித்தான்.

“என்னவாமா?” என்றார் வெள்ளியங்கிரி.

சசிதரன் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினான். விழாக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள் என்றான். கௌசிகாவுக்கு இடம் கொடுத்துவிட்டார்களாம். கூடவே ஒரு கேள்வி. அந்தப் பாடகர் யார், அவரும் ஜூலை மாதம் ஜெர்மனிக்கு வரமுடியுமா என்று கேட்கிறார்களாம்.

பாடகர் கட்டிலில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அவர் நீண்ட நேரம் யோசித்தார், விதைக்கிழங்கு வாங்குவதா வேண்டாமா என்று யோசிக்கிற அதே முகத்தோடு.

“ஜூலைன்னா மஞ்சள் நட்டு முடிஞ்சிருக்கும். வாரேன்னு எழுது, சாமி,” என்றார். பிறகு கதவோரம் பதுங்கி நின்ற சசிதரனைக் கை காட்டினார். “ஆனா இவரும் வரோணும். எதிர்ல ஆளில்லாம நான் யாரைத் திட்டறது?”